மருந்து என்று ஊற்றிக் கொடுத்தவன்

ஆறுமுக மேஸ்திரி உயிரோடு இருக்கும்போதே இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. செத்தவனைப் பற்றி எழுதினால் ஊரில் நாலு பேர் பாவம் பார்ப்பார்கள். அவனுக்கு யாரும் பாவம் பார்க்கக் கூடாது. வெற்றிலை மென்றுகொண்டு அவன் நன்றாக நடமாடும் இந்தக் காலத்திலேயே எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மீசை அரும்புகிற வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

என் பெயர் துரைசாமி. ஆம்பூரில் ரஹீம் சாயபுவின் தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. தோல் கட்டுகளின் மேல் தாரால் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே எழுத்து வந்தது. அதனால் என் எழுத்தில் பேச்சு வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடிக்கும் வாடையைவிட அது தேவலை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஆட்டுத் தோல், மாட்டுத் தோல் எல்லாம் மயிர் உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும். அந்தத் தொட்டியைத்தான் குழி என்போம். அதில் தொடை மட்டும் இறங்கி நின்று தோலைப் புரட்ட வேண்டும். கால் வெந்து போகும். நாற்றமோ, அதைச் சொல்ல இன்னும் யாரும் தமிழில் சொல் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் குழிக்காரர்கள் "மூக்க கழட்டி ஊட்ல வெச்சிட்டு வாடா" என்பார்கள்.

நான் பையனாகப் போய் முதன்முதல் குழியோரம் நின்றபோது குனிந்து வாந்தி எடுத்தேன். அப்போது ஆறுமுக மேஸ்திரி வந்து என் முதுகைத் தடவினான். அவனும் அன்று வாலிபன்தான். அவன் பெயருக்கு நான் 'ர்' விகுதி போடவில்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். இருந்த மரியாதையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே பிடுங்கிக்கொண்டேன்.

"டேய் துரை, இத ஒரே மூச்சுல இழுத்துடு. மருந்துடா. சுண்ணாம்பு ஈரக்கொலைல ஏறாது."

அலுமினிய டம்ளர். சுக்கும் மிளகும் ஓமமும் தட்டிப் போட்டுக் காரமாக இருந்தது. தொண்டை எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் எங்கோ தூரத்தில் போய் நின்றுகொண்டது. குழிக்காரர்கள் எல்லோரும் காலையில் இறங்கும் முன் ஒன்று, வெயில் ஏறியபின் ஒன்று, சாயங்காலம் ஏறும்போது ஒன்று என்று குடித்தார்கள். நானும் குடித்தேன். கூலியில் 'மருந்துக்கு' என்று மேஸ்திரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். யாரும் கேட்டதில்லை.

அது சாராயம் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்களுக்குக் குடிகாரன் என்றால் கடைக்குப் போகிறவன். தெருவில் வேட்டி அவிழ விழுகிறவன், பெண்டாட்டியை அடிக்கிறவன். நாங்கள் யாரும் கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வேலைக்கு முன் மருந்து குடித்தோம், வேலை செய்தோம், வீட்டுக்குப் போனோம். அந்த ஒரு சொல் எங்கள் கண்ணை அப்படிக் கட்டியிருந்தது. சுக்கு வாசனைக்கு அடியில் இருந்த வாசனையை முகர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அந்தக் கிடங்கில் எந்த மூக்குக்கு எது தெரியும்?

வருஷங்கள் ஓடின. பச்சையம்மாளைக் கட்டினேன். அப்புறம் ஒரு சமயம் காலையில் பல் துலக்கினால் ஓங்கரிப்பு வந்தது. சோறு பிடிக்கவில்லை. கண் மஞ்சளித்தது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கையும் தோளும் குச்சியாக, வயிறு மட்டும் பானை மாதிரி வளர்ந்தது. தெருப் பெண்கள் என் காதுபடவே, "துரைசாமி அண்ணன் முழுகாம கீறாரு" என்று சிரித்தார்கள். பச்சையம்மாளும் சும்மா இருக்கவில்லை.

"இன்னாய்யா, கட்டி இத்தன வருசமா எனக்கு நிக்கல, உனக்கு நின்னுடுச்சா?"

சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். வளர்த்த ஆட்டை விற்றாள். என்னை ரயிலேற்றிக் காட்பாடியில் இறக்கி, ஜட்கா வைத்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே எனக்கு நல்லதுதான் செய்தார்கள். தப்பு நடந்தது எங்கள் வாயில்.

காத்திருக்கும் கூடத்தில் வரிசையாகப் பெஞ்சுகள். இருமுகிறவன் இருமலைக் கேட்டு எனக்கு இருமல் வந்தது. அழுகிறவளைப் பார்த்துப் பச்சையம்மாளுக்கு அழுகை வந்தது. உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து மறுகை விரலால் தட்டினார். ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்த பானைச் சத்தம், மறுபக்கம் வெறும் பானைச் சத்தம். பிறகு கேட்டார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"சிச்சீ, இல்லீங்க ஐயா."

"கொஞ்சம்கூட? விசேஷ நாளில?"

என்னை முந்திக்கொண்டு பச்சையம்மாள் எழுந்து நின்றாள். "எங்க ஊட்டுக்காரரப் பாத்து அப்டி கேக்காதீங்க சாமி. கடை இருக்கற தெருவுலயே நடக்க மாட்டாரு. எங்க பக்கம் யாரையும் கேட்டுப் பாருங்க."

நாங்கள் இரண்டு பேரும் சத்தியமாகத்தான் சொன்னோம். டாக்டரும் அதை நம்பி, விட்டு விட்டு வரும் முறைக் காய்ச்சலில் மண்ணீரல் கெட்டிருக்கலாம், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம் என்று அந்த வழியில் தேடினார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சிப் பார்த்தார்கள். வீக்கம் சிறுநீரகத்தால் என்றால் முட்டை வெந்த மாதிரி திரியுமாம். அப்படித் திரியவில்லை. விரலைக் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தார்கள். அதில் காய்ச்சல் கிருமி இல்லை. வார்டில் சேர்த்துக்கொண்டு, உப்பில்லாத கஞ்சி கொடுக்கச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் பாய். பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர், காலில் ஆறாத புண். என் வயிற்றை டாக்டர் தட்டும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

"தோஸ்த், உன் வயித்த தட்டறப்போ எனக்கு ஷாதி மாப்ள ஊர்வலம் வருதுன்னு தோணுது. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி தட்டச் சொல்லு."

அந்த மனிதர் இல்லாவிட்டால் நான் பயத்திலேயே போயிருப்பேன். ஏனென்றால் சேர்ந்த மறுநாளே என் கைகள் நடுங்கத் தொடங்கின. டம்ளர் பல்லில் மோதி டகடகவென்று அடித்தது. வேர்வை ஆறாய் ஓடியது. பட்டப்பகலில் வார்டின் உத்தரத்தில் பச்சைத் தோல்கள் தொங்கின. அவை மூச்சு விட்டன. ஒன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நான் கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்க்க, காசிம் பாய் புண் காலோடு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மருந்து வேணும்! என் மருந்த குடுங்க!" என்று கத்தினேனாம்.

நர்ஸ் அம்மாள் ஆஸ்பத்திரி மருந்தைக் கொண்டுவந்தாள். தட்டிவிட்டேன். பச்சையம்மாளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டரிடம் ஓடினாள்.

"சாமி, இவரு கெடங்குல தெனம் ஒரு மருந்து சாப்புடுவாரு. அது நின்னதாலதான் இப்டி பேஜார் பண்றாரு. என் தம்பிகிட்ட சொல்லியனுப்பிக்கிறேன், இன்னிக்கி கொண்டாந்துடுவான்."

அவள் தம்பி ஏழுமலை, அரும்பு மீசைக்காரன். நான் படுத்ததும் என் இடத்தில் குழியில் இறங்கியிருந்தான். சாயங்காலம் ஒரு பாட்டிலைக் கந்தையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். கோயிலில் தீர்த்தம் கொண்டுவருகிற பவ்வியம்.

"மேஸ்திரி குடுத்தனுப்புனாரு மாமா. சொல்லச் சொன்னாரு, காசு வாணாமாம்."

டாக்டர் வாங்கிக் கார்க்கைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மறுபடியும் முகர்ந்தார். என்னைப் பார்த்தார், பச்சையம்மாளைப் பார்த்தார்.

"இதையா மருந்துங்கறீங்க?"

"ஆமாங்க. சுண்ணாம்பு மருந்து."

"இது சாராயம்மா. சுக்கு போட்ட சாராயம். எத்தனை வருஷமா இதைக் குடிக்கறார்?"

"சின்னப் புள்ளையிலருந்துங்க," என்றாள் பச்சையம்மாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். இளவட்டங்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

"நீ சாப்பிடற எதுவும் ஈரல் வழியாப் போய்த்தான் ரத்தத்துல சேரணும். விஷம் இருந்தா அங்கதான் முறிக்கும். தினம் சாராயம் போனா அதுல காயம் ஆகும். ஆறும். மறுநாள் மறுபடி காயம். ஆறின இடமெல்லாம் தழும்பு. தழும்பு வேலை செய்யாது. ஈரலே தழும்பா இறுகிப் போச்சுன்னா ரத்தம் அதுக்குள்ள நுழைய வழி இல்லாம பின்னால தேங்கும். அந்தத் தேக்கத்துல கசியற தண்ணிதான் உன் வயித்துல இருக்கு. பெரியவங்க மகோதரம்பாங்களே, அது இதுதான்."

"வலிக்கவே இல்லியே ஐயா?"

"அதுதான் மோசம். பாதிக்கு மேல போற வரைக்கும் ஈரல் சத்தமே போடாது."

"கையி நடுக்கம்?"

"தினம் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நின்னா இப்படித்தான் ஆகும். சில பேருக்கு வலிப்பு வரும், உயிரே போகும். ரொம்ப நாள் குடிச்சவன் நிறுத்தணும்னா வீட்டுல தனியா நிறுத்தக் கூடாது, எங்ககிட்ட வரணும். முதல்லயே தெரிஞ்சிருந்தா உன்னை இவ்வளவு ஆட்டமாட விட்டிருக்க மாட்டேன்."

பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீயும் குடிக்கறியா?"

"இப்பத்தாங்க ஆரம்பிச்சேன். நாத்தத்துக்கு."

அந்த ஒரு வார்த்தையில் என் நடுக்கம் நின்ற மாதிரி இருந்தது. தண்ணீர், தழும்பு, சாவு எல்லாம் என்னோடது, நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் என் மச்சான் என் குழியில் நின்று என் டம்ளரில் குடிக்கிறான். தாயில்லாப் பிள்ளை. பச்சையம்மாள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"ஏழுமல, நாளையிலருந்து அத தொடாத," என்றேன்.

"நீ சும்மா இரு மாமா. மேஸ்திரி அப்பவே சொன்னாரு, டாக்டருங்க இப்டித்தான் சொல்வாங்கன்னு. இந்த டாக்டரு குழில எறங்கி நின்னு பாத்தாரா? உனக்கு ஒடம்பே கெட்ட வாகாம். மருந்து இருந்ததாலதான் இத்தினி நாள் தாங்கிச்சாம். இப்ப என்னையே ஊத்திக் குடுக்கற ஆளா போட்டுக்கிறாரு."

பெருமையாகச் சொன்னான். அவனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

வயிற்றுத் தண்ணீரை எடுத்த நாளைச் சொல்ல வேண்டும். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, கூரான ஒரு குழாயை ஏற்றினார்கள். வாளியில் சொட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். சிற்றோடை மாதிரி கொட்டியது. வெளிர் மஞ்சள். வாளி நிறைந்து அடுத்த வாளி வந்தது. மூச்சு இழுக்க முடிந்தது. எனக்கு நெஞ்சு இவ்வளவு ஆழம் என்பதையே மறந்திருந்தேன். காசிம் பாய் வாளியை எட்டிப் பார்த்து, "அரே, பாலாறு வறண்டு கெடக்குது, இவன் வயித்துல இத்தன தண்ணி!" என்றார். நர்ஸ் அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

ஆனால் தண்ணீர் மறுபடியும் ஊறும் என்றார் டாக்டர். உப்பைத் தொடாமல், சாராயத்தைத் தொடாமல் இருந்தால் ஊறுவது குறையலாம். தழும்பு மட்டும் தழும்புதான். வெயிலில் போட்டு விறைத்துப்போன தோலை எந்தத் தொட்டியில் ஊறப்போட்டாலும் பழைய பதம் வராது என்று எனக்குத் தெரியும். அதைவிட விளக்கமாக யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூலைக் கட்டிலில் ஒருவர் இருந்தார், நாட்றம்பள்ளிப் பக்கத்துக்காரர். அவருக்கும் என் வியாதிதான், கள்ளினால் வந்தது. ஒரு காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் குனிந்து இரத்தமாக வாந்தி எடுத்தார். கருப்பும் சிவப்புமாகத் தரையெல்லாம். ஈரலில் வழி கிடைக்காத இரத்தம் உணவுக்குழாயின் இரத்தக் குழாய்களில் போய்ப் புடைத்து நிற்குமாம், அது வெடித்தால் இப்படித்தானாம். மத்தியானத்துக்குள் அவர் கட்டிலில் வேறு போர்வை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருமல் வந்தால்கூட எச்சிலைத் துப்பிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

பச்சையம்மாள் வாசல் மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி எனக்குக் கஞ்சி வைத்தாள். உப்பில்லாத கஞ்சி சப்பென்று பசை மாதிரி இருக்கும். நான் முகத்தைச் சுளித்தால் அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் கஞ்சியிலும் உப்பில்லை என்பதைக் காசிம் பாய்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அவளுடைய வட்டிலில் ஊறுகாய் வைக்கப் போனபோது கையால் மூடிக்கொண்டாளாம். நான் அவளிடம் இதுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் ஏசுவாள்.

ஒரு நாள் சாத்துக்குடிப் பையோடு ஆறுமுக மேஸ்திரியே வந்தான். சலவை வேட்டி, வாயெல்லாம் வெற்றிலை.

"இன்னா துரை, எளச்சிட்டியே. கெடங்கே உன்ன கேக்குது."

"மேஸ்திரி, அது சாராயம்னு டாக்டரு சொல்றாரு."

கொஞ்சம்கூட அசரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டான். "எல்லா டாக்டர் மருந்துலயும்தான் சாராயம் கலக்கறாங்க. அளவா குடிச்சா மருந்து. உன் ஒடம்பு வாகு அப்டி, அதுக்கு யாரு இன்னா பண்றது? நூறு பேரு குடிக்கறான், உனக்கு மட்டும் ஆய்டுச்சு." குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு மட்டும் துரை. இந்தப் பேச்சு சாயபு காதுக்குப் போவ வாணாம். அவுரு அஞ்சு வேள தொழுவறவரு, தப்பா எடுத்துக்குவாரு. அவரு கேட்டப்பவும் மருந்துன்னுதான் சொல்லி வெச்சிக்கிறேன்."

சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனான். எனக்கு அப்போதுதான் வெளிச்சமாயிற்று. அந்தப் பெயர் எங்கள் மூக்குக்காக வைத்த பெயர் இல்லை. சாயபுவின் காதுக்காக வைத்த பெயர். தன் கிடங்கில் சாராயம் ஓடுகிறது என்று அறிந்தால் அந்த மனிதர் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டார். சரக்கு அனுப்பும் சாராயக் குத்தகைக்காரன் மேஸ்திரிக்குக் கொடுக்கும் பங்கு, நாங்கள் வாய் பேசாமல் குழியில் நிற்கும் லாபம், எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றன. எங்களில் எத்தனை பேர் 'மேல்காய்ச்சல்' என்றும் 'மஞ்சள் காமாலை' என்றும் வீட்டிலேயே செத்துப் போனார்கள்! வயிறு பெருத்துச் செத்த பழைய குழிக்காரர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒருவனுக்கும் 'உடம்பு வாகு' நன்றாக இருந்ததில்லை போலிருக்கிறது.

சாத்துக்குடியைக் காசிம் பாய்க்குக் கொடுத்தேன். அவர் உரித்துக்கொண்டே, "இன்னா யோசன தோஸ்த்?" என்றார்.

"அவன சுண்ணாம்புக் குழில தள்ளப் போறேன்."

"தள்ளு. அவன் இங்க வந்து சேருவான், என் பக்கத்துக் கட்டில்ல போடுவாங்க. நான் அவன் மூஞ்சிய பாத்துகினு கெடக்கணும். வேற எதுனா யோசி."

யோசித்தேன். படுத்துக் கிடந்தவனுக்கு அதைத் தவிர வேறு வேலை என்ன? வாளி வாளியாகத் தண்ணீர் வெளியே போனது. உள்ளே வேறொன்று ஊறியது. அது என்னைப் பிழைக்க வைத்தது என்றே சொல்வேன். உப்பில்லாக் கஞ்சியை அவன் முகத்தை நினைத்து நினைத்து விழுங்கினேன்.

வயிறு வற்றி, நடை வந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வந்ததும் ஏழுமலையைத்தான் பார்த்தேன். கண்ணோரம் சிவந்திருந்தது. காலையில் டம்ளர் கிடைக்கும்வரை யாரிடமும் பேச மாட்டான் என்று பச்சையம்மாள் விசும்பினாள். நான் எவ்வளவு சொல்லியும், "உன் வாகு வேற, என் வாகு வேற மாமா" என்றான். மேஸ்திரியின் குரல் அவன் வாயிலிருந்து வந்தது.

தோல் தரம் பார்க்க ரஹீம் சாயபு குழிப்பக்கம் வருகிற நாளுக்காகக் காத்திருந்தேன். அன்று நானும் போனேன். குழிக்காரர்கள் எல்லோரும் ஓரமாக நின்றார்கள். மேஸ்திரி சாயபுவின் பின்னால். சுண்ணாம்புத் தூசு பட்டால் சாயபுவுக்கு இருமல் வரும். அன்றும் வந்தது.

"அரே துரைசாமி! ஒடம்பு தேவலயா?" என்று கேட்டு இருமினார்.

"அல்லா புண்ணியத்துல தேவல சாயபு. உங்களுக்குத்தான் இருமல் ஜாஸ்தியா இருக்குது. இங்க ஒரு மருந்து இருக்குதே, அத ஒரு டம்ளர் சாப்புட்டா இந்த நாத்தம், தூசி ஒண்ணும் ஒடம்புல ஏறாதாம். நாங்க எல்லாம் அதத்தான் சாப்புடறோம். மேஸ்திரி உங்ககிட்டகூட சொல்லிக்கிறாரே?"

மேஸ்திரியின் வாயில் வெற்றிலை நின்றுவிட்டது.

"ஆமா, சொன்னியே ஆறுமுகம். குடு பாக்கலாம்," என்றார் சாயபு.

"அது... தீந்து போச்சு சாயபு."

"காலைலதான வந்துச்சு மேஸ்திரி?" என்றேன். "ஏழுமலதான் இப்ப ஊத்தறான். ஏழுமல, சாயபுக்கு ஒரு டம்ளர் கொண்டாடா."

"கொண்டா தம்பி," என்றார் சாயபு, கையை நீட்டிக்கொண்டு.

ஏழுமலை மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கண்ணால் வேண்டாம் என்றான். முதலாளி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பையன் கொட்டகைக்குள் போனான். டம்ளரோடு வந்தான்.

சாயபுவின் உதட்டில் படுமுன் தட்டிவிடுவது என்று நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது அவர் முகர்வது மட்டும்தான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது சாயபுவை இல்லை, மேஸ்திரியையும் இல்லை. என் மச்சான் இன்னும் அதை மருந்து என்று நம்பினால் டம்ளரைக் கொடுத்துவிடுவான். கொடுத்துவிட்டால் மேஸ்திரி ஒழிந்தாலும் இவன் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டான்.

சாயபுவின் விரல்கள் டம்ளரைத் தொட்டன. ஏழுமலை விடவில்லை. இழுத்துக்கொண்டான். பாதி அவன் மார்பில் கொட்டியது.

"வாணாம் சாயபு," என்றான். "நீங்க சாப்புடக் கூடாது. இது சாராயம்."

அந்தக் கொட்டகையில் அந்தச் சொல்லை யாரும் அதுவரை சொன்னதில்லை. குழிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாயபு நீட்டிய கையைப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கி விரல் விரலாகக் கழுவினார். பிறகுதான் பேசினார்.

"எத்தன வருசமா ஆறுமுகம்?"

அவன் வாயைத் திறக்குமுன் நான் சட்டையைத் தூக்கி வயிற்றில் குழாய் ஏற்றிய வடுவைக் காட்டினேன். "எனக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியிலருந்து சாயபு."

"என்கிட்ட நேரா வந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லிருந்தா, அது மருந்துன்னு இவன் சொல்லிருப்பான். நீங்க ரெண்டு பேச்சையும் கேட்டுட்டுப் போயிருப்பீங்க."

சாயபு மேஸ்திரியின் பக்கம் திரும்பாமலே, "வெளிய போ" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அவன் சலவை வேட்டி நுனி சுண்ணாம்பில் இழுபட வெளியே போனதை நான் கடைசிவரை நின்று பார்த்தேன். அன்று வீட்டில் உப்பில்லாத கஞ்சி எனக்கு விருந்து மாதிரி இருந்தது.

அன்று பச்சையம்மாள் தம்பியைக் கேட்டாள், "இன்னாடா, சாயபுக்கு ஆவாதது உனக்கு மட்டும் ஆவுமா?" அவன் மார்பில் கொட்டியதைக் கழுவப் போனான். குழியில் நெடுநாள் இருந்தவர்களைச் சாயபுவே வண்டி வைத்து வேலூருக்கு அனுப்பினார், டாக்டர் சொன்ன மாதிரி நடுக்கம் வந்தால் பார்த்துக்கொள்ள. ஏழுமலை கொஞ்ச நாள் குடித்தவன், சில நாள் தூக்கமில்லாமல், எரிச்சலோடு கிடந்து எழுந்தான். என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டினான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். குழிக்காரர்களில் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. நாற்றத்துக்கு இப்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறார்கள். நாற்றம் போகவில்லை. ஆனால் அது மூக்கோடு நிற்கிறது.

பிள்ளைகளே, உங்களிடம் வேறு பெயர் சொல்லி வருவார்கள். குளிருக்குச் சூடு என்பார்கள். அது தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும் என்றார் டாக்டர். பசி எடுக்கும் என்பார்கள். என் பசியைத் தின்றதே அதுதான். வேலைக்குத் தெம்பு என்பார்கள். என் கையைப் பாருங்கள். இதை எழுதவே ஒரு வரிக்கு ஒரு முறை நிறுத்துகிறேன். நான் ஒரு நாளும் தெருவில் விழவில்லை, ஆனாலும் ஈரல் போயிற்று. விழாதவன் குடிகாரன் இல்லை என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இனிக் குழி வேலை ஆகாது. சாயபு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார். தண்ணீர் இன்னும் அவ்வப்போது ஊறுகிறது, போய் எடுத்துக்கொண்டு வருகிறேன். எத்தனை காலம் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் காசிம் பாய் ஆள்மூலம் சொல்லியனுப்பினார். ஆறுமுக மேஸ்திரி பேரணாம்பட்டில் ஒரு கிடங்கில் சேர்ந்துவிட்டானாம். அங்கே அதற்குக் 'கசாயம்' என்று பெயர் வைத்திருக்கிறானாம். புதுப் பையன்களுக்கு முதுகைத் தடவி ஊற்றுகிறானாம்.

எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்தக் கிடங்கு வெள்ளியும் நடக்கும். பஸ் ஏறிப் போனேன். வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்று, வேலைக்கு வருகிற பையன்களைக் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். வயிறு என்றால் கூட்டம் கூடத்தான் செய்யும். எல்லாம் சொன்னேன். ஊற்றியவன் பெயரையும் சொன்னேன். அடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்த வெள்ளி என்னோடு ஏழுமலையும் வந்தான். தன் கையால் ஊற்றிய கதையை அவனே சொன்னான், என்னைவிட நன்றாகச் சொன்னான். பாதிப் பையன்கள் அன்று டம்ளரை வாங்கவில்லை என்று காசிம் பாய் வந்து சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை மேஸ்திரி வெளியே வந்தான். வேட்டி அழுக்காயிருந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. என் எதிரில் வந்து நின்று கையைக் கூப்பினான்.

"துரை, போதும்டா. ஊரு ஊரா வந்து என் மானத்த வாங்கற. எனக்கும் ஆம்பளப் புள்ளைங்க கீது, அத நெனச்சிப் பாரு."

"எத்தன வயசு மேஸ்திரி?" என்றேன்.

"பெரியவனுக்கு இப்பத்தான் மீச மொளைக்குது."

"கூட்டினு வா," என்றேன். "அவனுக்கும் சொல்றேன்."